மோய் ஆற்றுக்கு அக்கரையில் எரியும் விளக்குகள்

2025 அக்டோபர் கடைசி வாரத்தில், தாய்லாந்தின் மேற்கு எல்லை நகரமான மே சோட்டில், ஒரு சிறிய உதவி அமைப்பின் பின்னறையில் உட்கார்ந்து, நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கேள்வி கேள்வியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாங்காக்கில் மொழிபெயர்த்துப் பிழைப்பவள் நான். ஒப்பந்தங்கள், மருத்துவ அறிக்கைகள், எப்போதாவது ஒரு திருமணச் சான்றிதழ் என்பதுதான் என் அன்றாடம். தமிழில் பேசினால்தான் மனம் திறக்கக்கூடிய சிலர் மியான்மரின் இணைய மோசடி மையங்களிலிருந்து தப்பி, எல்லையான மோய் ஆற்றைக் கடந்து வந்திருக்கிறார்கள், இரண்டு நாள் வந்து உதவ முடியுமா என்று கேட்டார்கள்; போனேன். எதிரே இருந்த தம்பிக்கு 24 வயது. சில நாட்களுக்கு முன்னால்தான் ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மோய் ஆற்றைக் கடந்து வந்திருந்தார். படிவத்தின் இரண்டாவது பக்கத்தில் இருந்த கேள்வியை, “நீங்கள் கடத்தப்பட்டீர்களா?” என்று நான் தமிழாக்கியதும், கொஞ்சமும் யோசிக்காமல், “இல்லக்கா, நானேதான் டிக்கெட் எடுத்து பிளேன் ஏறி வந்தேன்” என்றார்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். பிழை என்னுடையது, அல்லது நம் சொல்லினுடையது. தமிழில் தங்கத்தையும் கடத்துகிறோம், சந்தனக் கட்டையையும் கடத்துகிறோம். பணம் கேட்டுக் குழந்தையைத் தூக்கிப் போவதும் கடத்தல்தான், காசு வாங்கிக்கொண்டு ஒருவரைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பதும் கடத்தல்தான். சட்டம் இவற்றை வேறு வேறாகப் பார்க்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2000-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறையின்படி, ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, கைமாற்றுவது, அடைத்து வைப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒரு செயல் இருக்க வேண்டும். அது ஏமாற்றியோ, மிரட்டியோ, அடித்தோ, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்தியோ செய்யப்பட்டிருக்க வேண்டும். சுரண்டுவது அதன் நோக்கமாக இருக்க வேண்டும். இந்த வழிகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் முதலில் சம்மதித்தார் என்ற வாதத்துக்கு இடமே இல்லை. டிக்கெட்டைத் தன் காசில் வாங்கியவரும் கடத்தப்பட்டவராக இருக்கலாம் என்பதைத் தமிழில் ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எனவே கேள்வியை மாற்றினேன். உங்களை யாராவது யாருக்காவது விற்றார்களா என்று கேட்டேன். “ரெண்டு தடவை” என்றார், டீ எத்தனை என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

அவர் வந்த பாதை இந்த எல்லையில் எல்லோருக்கும் மனப்பாடமான பாதை. சமூக ஊடகத்தில் வந்த டேட்டா என்ட்ரி வேலை விளம்பரம், வீடியோ அழைப்பில் ஒரு நேர்காணல், கீபோர்டில் எவ்வளவு வேகமாகத் தட்டச்சு செய்வீர்கள் என்று ஒரு சோதனை, வேலை தாய்லாந்தில் என்ற உறுதி. பாங்காக் விமான நிலையத்தில் பெயர்ப்பலகையுடன் ஒருவர் நின்றார். கார் நகரத்துக்குள் போகாமல் வடமேற்கே திரும்பி, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடியது. நடுவழியில் இரண்டு முறை வண்டி மாறியது, மாறிய ஒவ்வொரு முறையும் ஓட்டுநர்கள் தொலைபேசியில் அவரைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார்கள். சரக்கு கைமாறியதற்கான ரசீது அந்தப் படம் என்பது பின்னால்தான் அவருக்குப் புரிந்தது. இரவில் ஒரு சோளக்காட்டைக் கடந்து ஆற்றங்கரைக்குப் போய்ப் படகில் ஏறினார்கள். அக்கரையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் சீருடையில் இருந்ததால், போலீஸ் இருக்கிறது, பயமில்லை என்று நினைத்தாராம்.

உள்ளே அவருக்குக் கிடைத்த வேலை, 31 வயதுப் பெண்ணாக இருப்பது. அந்தப் பெண் சிங்கப்பூரில் வசிக்கிறாள், நாய் வளர்க்கிறாள், மாமாவிடமிருந்து முதலீட்டு ரகசியங்களைக் கற்றவள். ஆறு தொலைபேசிகளில் ஆறு வெவ்வேறு நாட்டு ஆண்களோடு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் அவள் பேச வேண்டும். அங்கே ஏமாற்றப்படுகிறவர்களுக்குக் ‘கிளையன்ட்’ என்று பெயர். ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. அதில் அவருடைய சம்பளம், மனைவி இறந்த வருடம், மகளின் தேர்வு நாள், அவருக்கு முதுகுவலி இருக்கிறதா என்பதெல்லாம் எழுதி வைக்க வேண்டும். சீன மொழியில் இந்த மோசடிக்கு வைத்திருக்கும் பெயர் பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்ற பொருளுடையது. மாதக் கணக்கில் அன்பு காட்டி, போலிக் கிரிப்டோ தளம் ஒன்றில் சிறு தொகையைப் போட வைத்து, லாபம் வந்ததாகக் காட்டி, கடைசியில் வீட்டை விற்ற பணம் வரை உருவிக்கொண்டு மறைந்துபோவது. டார்கெட்டை எட்டாத வாரத்தில் வெயிலில் முட்டிபோட வைப்பார்கள். இரண்டு வாரம் எட்டாவிட்டால் மின்சாரத் தடி. வெளியே போக வேண்டுமென்றால் 5,000 டாலர் கட்டு என்றார்கள். கட்ட முடியாததால் பக்கத்துக் கட்டடத்துக்கு விற்றார்கள். இவற்றையெல்லாம் சொல்லும்போது அவர் குரல் மாறவேயில்லை. ஒரு கிளையன்டின் மகளுக்கு நவம்பர் 9 பிறந்தநாள் என்று சொன்னபோதுதான் நின்றுவிட்டது.

பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் ஏமாந்தவனா, ஏமாத்துனவனா? இதுல எங்க டிக் போடணும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. கடத்தப்பட்ட நிலையில் கட்டாயத்தால் செய்த குற்றங்களுக்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கை பல நாடுகள் ஒப்புக்கொண்ட ஒன்று. ஆனால், எல்லையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கு முதலில் தெரிவது விசா முத்திரை இல்லாத ஒரு மனிதர்தான். அதனால் சட்டவிரோத நுழைவு என்ற பிரிவுதான் கைக்கு முதலில் வருகிறது.

அன்று மாலை ஆற்றங்கரைக்கு நடந்து போனேன். மோய் ஆறு அப்படியொன்றும் பெரிய ஆறு அல்ல. கோடையில் பல இடங்களில் இறங்கி நடந்தே கடந்துவிடலாம். அக்கரைக் கட்டடங்களின் சன்னல் கம்பிகளை, மாடிகளில் காயும் துணிகளை, தண்ணீர்த் தொட்டிகளை வெறும் கண்ணால் எண்ண முடிகிறது. இருட்டியதும் விளக்குகள் வரிசையாக எரிகின்றன. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர் இத்தகைய மோசடி வேலைகளில் கட்டாயமாக அடைக்கப்பட்டிருக்கக் கூடும் என்று மதிப்பிட்டது. ஒரு நகரத்தின் மக்கள்தொகை அது. இந்த அளவிலான ஒரு தொழிலை ஒளித்து வைக்கவே முடியாது, ஒளித்து வைக்க இங்கே யாரும் முயன்றதாகவும் தெரியவில்லை.

செய்திகளில் இதைப் பற்றி எழுதும்போது ‘அரசின் அலட்சியம்’, ‘நடவடிக்கை எடுக்கத் தவறியது’ என்ற சொற்றொடர்கள் கைப்பழக்கமாக வந்து விழுகின்றன. நானே எத்தனையோ அறிக்கைகளில் அப்படி மொழிபெயர்த்திருக்கிறேன். கரையில் நின்ற அந்த மாலைக்குப் பிறகு அந்தச் சொற்களை எழுதக் கை வரவில்லை. தவறுவது என்றால், செய்ய நினைத்து முடியாமல் போவது. மியான்மர் ராணுவ ஆட்சி இந்த விஷயத்தில் எதையும் செய்யத் தவறவில்லை. கண்ணை மூடிக்கொள்வது என்பது அது தன் எல்லைக் காவலர்களுக்கு வருடக்கணக்காகக் கொடுத்துவந்த கூலி.

கொஞ்சம் பழைய கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். எல்லையோர இனமான கரேன்களின் கரேன் தேசிய ஒன்றியம் 1949 முதல் மத்திய அரசை எதிர்த்துப் போராடிவரும் அமைப்பு. 1994 டிசம்பரில் அதிலிருந்து பௌத்தக் கரேன்களின் ஒரு படை பிரிந்து ராணுவத்தோடு சேர்ந்தது. அடுத்த மாதமே கரேன் தலைமையகமான மனெர்ப்லா வீழ்ந்தது. அந்தப் படையின் பெரும்பகுதி 2010-இல் எல்லைக் காவல் படையாக மாற்றப்பட்டது. நாட்டில் உள்ள ஆயுதப் படைகள் எல்லாம் ராணுவத் தலைமையின் கீழ்தான் இயங்க வேண்டும் என்று 2008 அரசியல் சட்டத்தின் 338-ஆவது பிரிவு சொல்கிறது; அதன்படி உருவான ஏற்பாடு இது. சம்பளம் ராணுவத்துடையது, ஆட்கள் அதன் தலைவர் கர்னல் சா சிட் துவுடையவர்கள். எல்லையோரக் கரேன் நிலத்தைத் தன் சொந்த வீரர்களைக் கொண்டு பிடித்து வைத்திருக்க முடியாத ஒரு ராணுவம், பிடித்து வைத்திருக்கக்கூடிய ஒருவரிடம் அதை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு விசுவாசத்தை வாங்கிக்கொண்டது. நிலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருப்பதும் அந்த ஒப்பந்தத்தில், எழுதப்படாத ஒரு ஷரத்தாக, சேர்ந்தே வந்தது.

மே சோட்டுக்கு நேர் எதிரே அக்கரையில் உள்ள மியாவடி நகரத்துக்கு வடக்கே ஷ்வே கொக்கோவில் 2017-இல் ஒரு ‘புதிய நகரம்’ அறிவிக்கப்பட்டது. கட்டியது ஷ ஜிஜியாங் என்ற சீனத் தொழிலதிபரின் யாத்தாய் நிறுவனம், நிலமும் துப்பாக்கியும் சா சிட் துவினுடையவை. 2018-இல் முதலீட்டு ஆணையம் அனுமதித்தது 25 ஏக்கர் சொச்சத்தில் சில சொகுசு வீடுகளை மட்டுமே. எழுந்தது அதைப் போலப் பல மடங்கு. அப்போதிருந்த தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 2020-இல் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது, வேலைகள் மந்தமாயின. 2021 ஜனவரியில் சா சிட் துவைப் பதவி விலகச் சொல்லி ராணுவமே அழுத்தம் கொடுத்தது. பிப்ரவரி 1 அன்று ராணுவத் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைக் கவிழ்த்தார். நாடே எதிர்த்து எழுந்த அந்த வாரங்களில் எல்லையில் ஒரு நண்பர் தேவைப்பட்டார். பதவி விலகல் பேச்சு அத்தோடு நின்றது, கட்டுமானக் கிரேன்கள் மறுபடி சுழன்றன. 2022-இல் அதே மின் ஆங் லைங் அதே சா சிட் துவுக்கு அரசுப் பட்டம் வழங்கிக் கௌரவித்தார். ஷ ஜிஜியாங் அந்த ஆண்டு ஆகஸ்டில் பாங்காக்கில் கைதானார், 2025 நவம்பரில் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டார். அவரைப் பிடித்ததிலும் அனுப்பியதிலும் மியான்மர் அரசுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

2024 ஜனவரியில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசுகிறது. இனி ராணுவத்திடமிருந்து சம்பளம் வாங்கப் போவதில்லை என்று சா சிட் து அறிவித்தார். பின்னர் படையின் பெயரையும் கரேன் தேசிய ராணுவம் என்று மாற்றிக்கொண்டார். ஒரு படை அரசுச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு வேறு எங்கிருந்தோ தாராளமாகப் பணம் வருகிறது என்றுதானே பொருள். அப்படிச் சொன்ன பிறகும் உறவு முறியவில்லை. அந்த ஏப்ரலில் கரேன் போராளிகள் மியாவடியில் இருந்த ராணுவத்தின் 275-ஆவது பட்டாலியன் முகாமைக் கைப்பற்றியபோது, சில நாட்களிலேயே ராணுவ வீரர்கள் அதற்குள் திரும்பி வர வழிசெய்தது சா சிட் துவின் படைதான். 2025 மே மாதம் அமெரிக்கா அவர்மீதும் அவருடைய இரு மகன்கள்மீதும் படைமீதும் தடை விதித்தபோது, மோசடிக் கும்பல்களுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, மின்சாரம் விற்று, காவலும் போட்டு அந்தப் படை சம்பாதிக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்தத் தம்பி அக்கரையில் பார்த்து நிம்மதி அடைந்த சீருடை எவருடையது என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கரையில் சீருடைக்குப் பஞ்சமில்லை.

இயலாத அரசு என்றும் இதைச் சொல்லிவிட முடியாது. இதே ஆட்சி, கவிழ்ப்பு நடந்த இரண்டே வாரங்களில் தண்டனைச் சட்டத்தில் 505-ஏ என்ற பிரிவைப் புகுத்தியது. அச்சமூட்டும் கருத்து, பொய்ச் செய்தி என்று சொல்லி எவரையும் மூன்றாண்டு வரை சிறையில் போடலாம். ஃபேஸ்புக்கில் ஒரு கறுப்புப் படம் வைத்தவரைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். 2025 ஜனவரி 1 அன்று இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்றையும் பிறப்பித்தார்கள், தடைசெய்யப்பட்ட தளங்களைத் திறக்க உதவும் வி.பி.என். சேவையை அனுமதியில்லாமல் நடத்துவது அதன்படி குற்றம். உலகின் மிகப் பெரிய இணைய மோசடித் தொழிற்சாலைகளில் சில தன் மண்ணில் இயங்கும் ஒரு நாடு, இணையப் பாதுகாப்பு என்று சொல்லி முதலில் பூட்டுப்போட்டது தன் குடிமக்கள் செய்தி படிக்கும் வழிக்கு. அந்தச் சட்டத்தை மொழிபெயர்க்கச் சொல்லி யாராவது என்னிடம் கொடுத்தால் தலைப்பிலேயே தடுமாறிப்போவேன்.

கடத்தலுக்கு எதிரான சட்டம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. பலெர்மோ நெறிமுறையில் மியான்மர் 2004-இல் சேர்ந்தது, 2005-இல் தனிச் சட்டம் இயற்றியது, கவிழ்ப்புக்குப் பின் 2022-இல் ராணுவ ஆட்சி அதைத் திருத்தி இன்னும் விரிவாகப் புதுச் சட்டமே போட்டது. ஏட்டில் குறை சொல்ல அதிகமில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை ஆள்கடத்தல் பற்றிய தன் ஆண்டறிக்கையில் 2018 முதல் அந்த நாட்டை மிகக் கீழான மூன்றாம் அடுக்கிலேயே வைத்திருக்கிறது, படைகளே மக்களைக் கட்டாய வேலை வாங்கும் பழக்கத்தையும் குறிப்பிடுகிறது. கிராமத்துக்குள் வந்து சுமை தூக்க ஆள் பிடிப்பது அந்த ராணுவத்தின் பழைய வழக்கம். ஆளைப் பிடித்து வேலை வாங்குவதைத் தன் உரிமையாக நினைக்கும் ஓர் அமைப்பிடம், ஆளைப் பிடித்து வேலை வாங்குகிறவனைப் பிடித்துக் கொடு என்று மனு எழுதுகிறோம்.

வெளியிலிருந்து நெருக்கடி வந்தால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். வடக்கே, சீன எல்லையில் உள்ள கோகாங் பகுதியின் லௌக்காய் நகரத்தில் பாய், மிங், லியு, வெய் என்ற நான்கு குடும்பங்கள் இதே தொழிலை நடத்தின. 2009-இல் ராணுவம் அங்கிருந்த படையை விரட்டிவிட்டு பாய் சுவோச்செங்கை அமர்த்தியது. அந்த நடவடிக்கையில் முக்கியப் பங்கு வகித்த தளபதி மின் ஆங் லைங்தான். சீனர்களே பெருமளவில் அடைபட்டதால் பெய்ஜிங் பொறுமை இழந்தது. 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இன ஆயுதக் குழுக்கள் கூட்டாகத் தாக்குதலைத் தொடங்கியபோது, மோசடி மையங்களை ஒழிப்பதும் தங்கள் நோக்கம் என்று அறிவித்தன, சீனா தடுக்கவில்லை. அடுத்த ஜனவரித் தொடக்கத்தில் லௌக்காய் வீழ்ந்தது, அந்த மாத முடிவில் பாய் சுவோச்செங் விமானத்தில் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். மிங் குடும்பத்தைச் சேர்ந்த வழக்கில் 2025 செப்டம்பரில் 11 பேருக்குச் சீன நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை நான் ஆதரிப்பவள் அல்ல. ஆனாலும் பத்தாண்டுக்கு மேல் தொட முடியாதவர்களாக இருந்தவர்கள், காவல் இழந்ததும் சில வாரங்களில் கைவிலங்கோடு நின்றதைப் பார்க்கும்போது, அதுவரை முடியவில்லை என்று சொல்லப்பட்டதெல்லாம் எதற்காக என்று தோன்றத்தான் செய்கிறது.

தெற்கே அதே பாடம் சிறிய அளவில் நடந்தது. 2025 ஜனவரியில் வாங் ஷிங் என்ற சீன நடிகர், படப்பிடிப்பு என்று நம்பி மே சோட் வந்து, அக்கரைக்குக் கொண்டுபோகப்பட்டு, மொட்டையடிக்கப்பட்ட தலையோடு மீட்கப்பட்டார். சீனச் சுற்றுலாப் பயணிகள் பயணங்களை ரத்துசெய்யத் தொடங்கினார்கள். பிப்ரவரி 5 அன்று தாய்லாந்து அரசு எல்லைக்கு அப்பால் ஐந்து இடங்களுக்கு மின்சாரத்தையும் எரிபொருளையும் இணையத்தையும் துண்டித்தது. வருடக்கணக்கில் இந்தக் கரையிலிருந்துதான் அந்த விளக்குகளுக்கு மின்சாரம் போனது என்பதை அன்று பலர் முதன்முறையாகக் கவனித்தார்கள். அடுத்த சில வாரங்களில் 7,000-க்கும் மேற்பட்டோர் கட்டடங்களிலிருந்து வெளியே விடப்பட்டு முகாம்களில் குவிக்கப்பட்டனர். மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை விமானங்கள் 549 பேரை மே சோட்டிலிருந்து ஏற்றிச் சென்றன.

நான் வாழ்வது தாய்லாந்தில் என்பதால் இந்தக் கரையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதாமல் விட்டால் நியாயமாகாது. 2015 மே மாதம், இங்கேயும் ராணுவ ஆட்சி நடந்த காலத்தில், மலேசிய எல்லையோரமாகப் பதாங் பெசார் மலைக்காட்டில் ரோஹிங்யாக்களின் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. அதே மாதத்தில் மலேசியப் பக்கம் வாங் கெலியானில் 139 குழிகள். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, சொந்த மாவட்டத்தை விட்டு நகரவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்ட மக்கள், படகேறி வந்து, பிணைப்பணம் வரும்வரை மூங்கில் கூண்டுகளில் அடைக்கப்பட்டுச் செத்துப்போனார்கள். கடத்தல்காரர்களோடு சேர்ந்திருந்ததற்காக மனாஸ் கொங்பான் என்ற லெப்டினன்ட் ஜெனரலுக்கு 2017-இல் 27 ஆண்டுச் சிறை கிடைத்தது. அந்த வழக்கைத் துருவிய காவல் அதிகாரி பவீன் பொங்சிரின், தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2015 டிசம்பரில், உயிருக்குப் பயந்து ஆஸ்திரேலியாவில் அடைக்கலம் கேட்டிருந்தார். குற்றவாளி சிறைக்குள் போனபோது, கண்டுபிடித்தவர் நாட்டுக்கு வெளியே இருந்தார்.

இனி அந்தத் தம்பி தெர்மோகோல் பெட்டியோடு வந்த வாரத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் இரண்டாம் பாதியில், மியாவடிக்குச் சில கிலோமீட்டர் தெற்கே உள்ள கே.கே. பார்க் என்ற மோசடி வளாகத்தில் ராணுவம் சோதனை நடத்தியதாக அரசு ஊடகம் அறிவித்தது. மேசையில் அடுக்கிய, செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் 30 ஸ்டார்லிங்க் கருவிகளின் படத்தை வெளியிட்டார்கள். உள்ளே 2,000-க்கும் மேற்பட்டோரைக் கண்டதாகச் சொன்னார்கள். அதே வாரம் ஸ்டார்லிங்க்கை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம், மியான்மரின் மோசடி மையங்கள் எனச் சந்தேகிக்கப்படும் இடங்களில் 2,500-க்கும் மேற்பட்ட கருவிகளை முடக்கியதாகத் தெரிவித்தது. முப்பதையும் இரண்டாயிரத்து ஐந்நூறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசம்பர் 28-இல் தேர்தல் என்று அறிவித்திருந்த, உலகத்திடம் அங்கீகாரம் தேடிக்கொண்டிருந்த ஓர் ஆட்சிக்கு அந்தப் படங்கள் தேவைப்பட்டன. பிறகு கட்டடங்களைக் குண்டு வைத்து இடித்தார்கள். மே சோட் வரை அதிர்ந்தது. முதலாளிகள் யாரும் சிக்கியதாக அப்போது நாங்கள் கேள்விப்படவில்லை. “பாஸுங்க முந்தின நாளே கிளம்பிட்டாங்கக்கா. எங்கள எண்ணவே இல்ல, கதவத் தெறந்துட்டாங்க, அவ்வளவுதான்” என்றார் தம்பி. அப்படித் திறந்த கதவு வழியாக ஓடி, 28 நாடுகளைச் சேர்ந்த 1,500-க்கும் அதிகமானோர் ஆற்றைக் கடந்து மே சோட்டில் கரையேறினர். அவர்களில் பெரிய கூட்டம் இந்தியர்கள்.

அவர்களுக்காவது தூதரகம் இருந்தது, தாமதமாகவேனும் விமானம் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த பையனைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் எழுதாமல் இருந்தேன். அவன் மியான்மர்க்காரன், 19 வயது, மத்தியப் பகுதியில் ஏதோ ஒரு ஊர். 2024 பிப்ரவரி 10 அன்று ராணுவம் கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தைச் செயல்படுத்தியது. 18 முதல் 35 வயது வரையிலான ஆண்கள், 18 முதல் 27 வரையிலான பெண்கள் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். பெயர் பட்டியலில் வந்துவிடும் என்று பயந்து, தாய்லாந்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஒரு புரோக்கரிடம் அவன் அம்மா தன் தோட்டை விற்றுப் பணம் கொடுத்தாள். மே மாதத்தில் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கான அனுமதியையும் அரசு நிறுத்திவிட்டதால் நேர்வழி அடைபட்டிருந்தது. புரோக்கர் அவனை மியாவடி வரை கூட்டிவந்து, அங்கிருந்த ஒரு கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார். ஆற்றைத் தாண்டுவதற்கு அவனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவனுக்குப் பர்மிய மொழியில் கேட்டவர் மே சோட்டிலேயே நெடுங்காலம் அகதியாக வாழும் ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியை. எங்கள் இருவரிடமும் இருந்தது ஒரே படிவம்தான். கடைசிப் பக்கத்தின் கேள்வி, சொந்த நாட்டுக்குத் திரும்பினால் உங்களுக்கு ஏதேனும் ஆபத்து உண்டா என்பது. பதில் எழுத இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள். என் எதிரே இருந்த தம்பி, ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்த பணத்தைப் பற்றிச் சொன்னார், அது ஒன்றரைக் கோட்டில் முடிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, தாள்களை அடுக்கி, கிளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஆசிரியை இரண்டு கோடுகளையும் முடித்துவிட்டு ஓரத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். ஓரம் தீர்ந்ததும் தாளைத் திருப்பினார். பையன் மேசையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். நான் வேறு பேனா வேண்டுமா என்று சைகையில் கேட்டேன், அவர் தலையை அசைத்து வாங்கிக்கொண்டார்.